இரண்டாம் மேசை

போன வாரம் பார்சலைப் பிரித்தபோது வீட்டில் மகன் இருந்தான். மருமகள் இருந்தாள். சுவரோரமாக நான் இருந்தேன். மருமகள் கேட்டிருந்தது குக்கர் மூடிக்கு ரப்பர். வந்திருந்தது சின்னப் பிள்ளைக்கான குடை.

"எவளோ தூங்கிக்கிட்டே கட்டியிருக்கா பாருங்க அத்த" என்றாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பெட்டிக்குள் காகிதக் கீற்றுகளைத் திணித்திருந்தார்கள். எங்கள் காலத்தில் வைக்கோல். மழை நாளில் ஈர வைக்கோல் ஒரு வாசனை அடிக்கும். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனியின் பேக்கிங் ஷெட் முழுக்க அந்த வாசனைதான். ஊறுகாய் ஜாடி, யானை பொம்மை, விளக்கு எல்லாம் கட்டுவோம். நான் கட்டி அனுப்பியதில் உடைந்தது என்று ஒன்று திரும்பியதில்லை.

பிறகு கம்பெனி ஆன்லைனில் விற்க ஆரம்பித்தது. மேசைக்கு ஒரு ஸ்கிரீன் வந்தது. முதல் மேசை செல்விக்கு. பிளஸ் டூ முடித்தவள். இரண்டாம் மேசை எனக்கு. எட்டாவதோடு நின்றவள். முதல் நாள் மவுஸை இரண்டு கையாலும் பிடித்தேன், ஓடிவிடும் என்று. ஆனால் வேலை சுலபம். வாங்குகிறவர் பெயர், சாமான் படம், எத்தனை என்று எண். அவள் ஓர் ஆர்டரைத் திறப்பாள். அடுத்ததை நான் திறப்பேன்.

சுவரில் ஒரு கரும்பலகை. சாமான் மாறிப்போனால் கட்டியவர் பெயருக்கு நேராக மேனேஜர் சாக்பீஸால் எண்ணை ஏற்றுவார். பன்னிரண்டு ஆனால் சூளைக்குப் பின்னால் உடைசல் பொறுக்கப் போக வேண்டும். நாள் முழுக்க வெயிலில் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். அங்கே போன ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். விரலெல்லாம் பீங்கான் கீறிய காயம், கையால் சோறு பிசைய மாட்டாள். ஸ்பூன்தான்.

என் எண் ஏறிக்கொண்டே போனது. ஜாடி கேட்டவருக்கு யானை. யானை கேட்டவருக்கு விளக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னேன். ஸ்கிரீனில் அப்படித்தான் இருந்தது. மேனேஜர் போய் அதே ஆர்டரைத் திரும்பத் திறந்து பார்ப்பார். அங்கே சரியாக இருக்கும்.

"கண்ணாடிய வூட்டுலயே வச்சுட்டு வந்தியாம்மா" என்பார். செல்வி சிரிப்பாள்.

வெப்சைட் செய்த தம்பி ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பஸ்ஸில் வருவான். என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. எண் பதினொன்று ஆன அன்று அவனை வரவழைத்தார்கள். ஆர்டரெல்லாம் பதிந்திருக்கும் டேட்டாபேஸில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டினான்.

"ரெண்டு பேரையும் இடம் மாத்தி உட்கார வைங்க சார். தப்பு அந்தம்மா கூடவே போவும் பாருங்க."

மாற்றி உட்கார வைத்தார்கள். நான் முதல் மேசை, செல்வி இரண்டாம் மேசை. நான் கட்டியதில் சாமான் எதுவும் மாறிப்போகவில்லை. சில நாளில் செல்வி கட்டியது திரும்பி வந்தது. ஜாடி கேட்டவருக்கு யானை போயிருந்தது. மேனேஜர் பலகையில் அவள் பெயருக்கு நேராக ஒன்று என்று போட்டார்.

"ஸ்கிரீன்ல யானதான் சார் இருந்துச்சு" என்றாள் செல்வி.

நான் சொன்ன அதே பேச்சு. அவளிடம் யாரும் கண்ணாடி கேட்கவில்லை. மேனேஜர் உடனே தம்பிக்குப் போன் போட்டார்.

வந்தவன் எங்கள் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் ஆர்டரைத் திறக்கச் சொன்னான். மூடு, திற, மூடு, திற. அரை நாள் அமுக்கினோம். விரல் மரத்துவிட்டது. ஒரு தடவை செல்வியின் ஸ்கிரீன் வெளுத்து நின்றது. அடுத்த தடவை அவள் திறந்த ஆர்டருக்கு என் ஆர்டரின் படம் வந்தது. போனில் போட்டோ எடுத்துக்கொண்டான். அதன் பிறகு, மெஷின் தன் தப்பைத் தானே குறித்து வைக்கும் எர்ரர் லாகை வரி வரியாகப் பார்த்தான். ஒவ்வொன்றாக நிறுத்தி, திரும்ப எங்களை அமுக்கச் சொன்னான். சாயங்காலம் மேனேஜரிடம் சொன்னான்.

"வெப்சைட்ட ஓட்டுற பிஎச்பிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்குது சார், ஒட்டு ப்ரோக்ராம் மாதிரி. பழசு. மெமரில வேணாம்னு விட்ட இடத்தையே திரும்பப் படிக்குது. முதல் டேபிளோட மிச்சம் ரெண்டாவது டேபிள்ல வந்து ஒட்டிக்குது. டேட்டாபேஸுல தேடினா ஒண்ணும் தெரியாது."

புதிய எக்ஸ்டென்ஷன் போட்டான். எத்தனை அமுக்கியும் பிறகு மாறவில்லை.

மேனேஜர் ஈரத்துணியை எடுத்தார். மெஷின் தப்புக்கு இந்தப் பொண்ணு என்ன பண்ணும் என்று செல்வியின் ஒன்றை அழித்தார். அதற்கு மேல் வரியில் என் எண். துணி மேலே போகவில்லை.

செல்விக்கே பொறுக்கவில்லை. "சார், அக்காளோடது?"

மேனேஜர் தம்பியைப் பார்த்தார். தம்பி பையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"நடந்து போனத இப்ப டெஸ்ட் பண்ண முடியாது சார். அதுல எது மெஷின் தப்பு, எது அந்தம்மா தப்புன்னு யாருக்குத் தெரியும்."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

என்னை உடைசல் பொறுக்க அனுப்பவில்லை. அது போதும் என்று நினைத்திருப்பார்கள். பிறகு தப்பு வராததால் அந்தப் பலகையை யாரும் தொடவில்லை. துணி அங்கேயே ஆணியில் தொங்கியது. எட்டிப் பிடித்தால் என் கைக்கு வரும். எழுதினவர் அழிக்கட்டும் என்று விட்டேன். அவரும் அழிக்கவில்லை. அதற்குக் கீழேதான் கம்பெனி மூடுகிற வரைக்கும் கட்டினேன்.

இப்போது அந்த இடத்தில் பிளாட் போட்டு கல் நட்டிருக்கிறார்கள். சூளை இல்லை, ஷெட் இல்லை. மேனேஜரும் இறந்துவிட்டார். கம்பெனி மூடிய கடைசி நாள் பழைய இரும்புக்காரன் லாரியில் மேசைகளை ஏற்றினான். பலகையை எழுத்துப் பக்கம் வெளியே தெரிய பின்னால் சாய்த்து வைத்தான். ரயில்வே கேட்டில் லாரி நின்றது. பின்னால் நடந்து வந்த நான் பார்த்தேன். செல்வி பெயருக்கு நேராக ஒன்றுமில்லை. என் பெயருக்கு நேராக இருந்தது.

பதினொன்று.