ஆயில்கேனின் சந்தேகம்

யாராவது தன்னைப் பாராட்டினால் ஆயில்கேனுக்கு மூக்கில் வேர்த்துவிடும். இந்த ஆள் எதற்கு அடிபோடுகிறான் என்றுதான் முதலில் யோசிப்பார். ஆடை ஃபேக்டரியில் மெக்கானிக்காகக் காலம் தள்ளியவருக்கு அந்தப் புத்தி இல்லாமல் எப்படி இருக்கும்? வரிசை வரிசையாகத் தையல் மெஷின்கள் கதறிக்கொண்டிருக்கும் கூடத்தில், கையில் எண்ணெய் டப்பாவோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்ததால் வந்த பேர் அது. மனைவியும் மகளும் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் ஆயில்கேன்தான்.

அங்கே தைக்கிற பெண்கள், முதுகு விட்டுப்போனால் ஓய்வெடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஊசிக்குக் கீழே சுற்றும் கொக்கியின் ஸ்க்ரூவைச் சத்தமில்லாமல் கொஞ்சம் தளர்த்திவிட்டு, "ஆயில்கேன் அண்ணே, தையல் விட்டு விட்டு விழுது!" என்று குரல் கொடுப்பார்கள். மெஷின் நின்றால் அவர்களும் நிற்கலாம். அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், "இன்னுமா முடியல?" என்று சூப்பர்வைசர் கத்தக் கத்த, ஆற அமரத் திருகிக்கொண்டிருப்பார். தானாகக் கெட்ட மெஷின் எது, வேண்டுமென்றே கெடுத்த மெஷின் எது என்று அவருக்குத் தெரியும். பின்னால் வந்த வம்புக்கெல்லாம் அந்த ஞானம்தான் காரணம்.

வயதாகிவிட்டது என்று ஃபேக்டரியில் வீட்டுக்கு அனுப்பியதும் மனிதர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஷேவ் செய்வது நின்றது. குளிப்பது மத்தியானம் ஆனது. எதிர்வீட்டுக்காரர் குப்பைப் பையை எங்கே வைக்கிறார், தண்ணீர் லாரிக்காரன் எதற்கு மாடியையே பார்க்கிறான் என்று தெருவையே துப்புத் துலக்க ஆரம்பித்தார். அவர் மனைவி முன்னறையில் ஒரு கடைக்காக ஸ்கூல் யூனிஃபார்ம் தைப்பவள். பேச்சுக் கொடுத்தாலும் இவர் வாய் திறக்கமாட்டார். ராத்திரி தூக்கமும் போயிற்று. உயிரோடு இருந்தார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு நாள் அவள் மெஷின் மக்கர் செய்தது. ஏதோ தேய்ந்துபோயிருந்தது. ஆயில்கேன் ஷேவ் செய்துகொண்டார், பழைய நீலச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார், மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தார். சரியானதும் வாயெல்லாம் பல். அன்றிலிருந்து, ஃபேக்டரியில் செய்ததுபோலவே தினமும் காலையில் மெஷினைத் திறந்து எண்ணெய் விட்டு, கொக்கியைத் தளர்த்தி இறுக்கி, "ம், ஓட்டு" என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் வேலை தொடங்கும். அப்படியும் அது அடிக்கடி தகராறு செய்தது. "என்னங்க, தையல் விடுது" என்பாள். அவர் ஓடிவந்து பார்ப்பார், முடித்துவிட்டுத் தெருமுனைக்கு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போது மெஷின் கடகடவென்று ஓடும் சத்தம் வாசலிலேயே கேட்கும். அதைக் கேட்டு அவருக்கு உச்சி குளிரும்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஒரு நாள் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

"உங்க கை பட்டாத்தாங்க இது ஓடுது" என்றாள்.

ஆயில்கேனின் டீ ருசிக்காமல் போனது அன்றைக்குத்தான். ஃபேக்டரியில் ஒரு நாளாவது யாராவது இப்படிச் சொன்னதுண்டா? திட்டு வாங்கித்தானே பழக்கம். இவள் எதற்கு ஐஸ் வைக்கிறாள்? அதுவும் ஒரே மெஷின், ஒரே கொக்கி, ஒரே கோளாறு. தானாகக் கெடுகிற மெஷின் இப்படி ஒரே பாட்டைப் பாடுமா? கிழவனுக்குப் பொழுதுபோகட்டும் என்று யாரோ ஸ்க்ரூவைத் தளர்த்துகிறார்கள். தன் வேலையே பொம்மை வேலைதானோ? அப்படியென்றால் தானும் ஒரு பொம்மைதானே?

முதல் சந்தேகம் மகள்மேல். அவள் பக்கத்துத் தெருவில்தான் இருந்தாள். அடிக்கடி வந்து போவாள்.

"நீ அம்மா மெஷின்ல கை வச்சியா?"

"எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுப்பா. நான் எங்க கை வைக்கிறது?"

"சிரிக்காம சொல்லு."

"சிரிக்காம எப்படிப்பா சொல்றது?" என்று அவள் இன்னும் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் அவருக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் மறந்துவிட்டுப் போன நகப்பாலிஷ் உதவியது. மறுமுறை மெஷினைச் சரிசெய்ததும், ஸ்க்ரூவின் தலையிலிருந்து கொக்கி வரைக்கும் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு இழுத்துவைத்தார். ஸ்க்ரூவை யார் திருகினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மறுநாள் காலை திறந்து பார்த்தார். ஸ்க்ரூத் தலையின் கோடு ஒரு பக்கம், கொக்கியின் கோடு இன்னொரு பக்கம்.

கோட்டைப் பார்த்த ஆயில்கேனுக்கு அழுகை வரும்போல இருந்தது. காட்டிக்கொள்ளாமல் கொக்கியைத் தளர்த்தி இறுக்கினார். மத்தியானம் வழக்கம்போலத் தையல் விட்டது, வழக்கம்போலச் சரிசெய்தார், "டீ குடிச்சிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினார். தெருமுனையை நோக்கிப் போனவர் பாதியில் திரும்பி, பூனைபோல வந்து முன்னறை ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

மெஷின் கவிழ்ந்து கிடந்தது. அவள் கையில் ஸ்க்ரூ டிரைவர்.

"மாட்டிக்கிட்டியா!" என்று உள்ளே பாய்ந்தார். "நீயே கெடுத்துட்டு நீயே என்னைக் கூப்பிடுறியா? நான் என்ன சின்னக் குழந்தையா, கிலுகிலுப்பை ஆட்டிக் காட்டுறதுக்கு?"

அவள் பதறவில்லை. அந்த ஸ்க்ரூவை இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கெடுக்கலைங்க. சரி பண்றேன்."

"எதை?"

"நீங்க பண்ணினதை."

அவள் மெதுவாகத்தான் சொன்னாள். முதல்முறை மெஷின் கெட்டது நிஜம். அதற்கப்புறம் ஒருநாள்கூட அது தானாகக் கெடவில்லை. காலையில் நன்றாக இருப்பதை அவர் திறந்து திருகுவார். ஊசிக்கும் கொக்கிக்கும் நடுவில் இருக்கவேண்டிய மயிரிழை இடைவெளி அவர் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. எப்போது டீ குடிக்கப் போவார் என்று காத்திருந்து இவள் சரிசெய்துகொள்வாள்.

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"நீங்க காலையில ஃபேக்டரிக்குப் போய் ராத்திரி வருவீங்க. அத்தனை வருஷமும் இந்த மெஷினை யாருங்க பார்த்துக்கிட்டா?"

அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதே இல்லை.

"முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"சொன்னா மறுபடியும் அந்த நாற்காலியில போய் உட்கார்ந்துக்குவீங்க. அதைப் பார்க்க என்னால முடியாது." அவள் மெஷினை நிமிர்த்தி வைத்தாள். "ஆனா தினமும் எனக்குப் பாதி நாள் போகுதுங்க. ஸ்கூல் திறக்கப்போகுது. வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்னு கடைக்காரன் சொல்லிட்டான்."

ஆயில்கேன் அந்த நாற்காலியில்தான் போய் உட்கார்ந்தார். மறுநாள் ஷேவ் செய்யவில்லை, மெஷினையும் தொடவில்லை. அது பாட்டுக்கு ஓடியது. அதுதான் அவரை இன்னும் குத்தியது. ஆனால் அடிக்கடி நிற்கவும் செய்தது. ஏன் நிற்கிறது என்று பழைய சந்தேகம் தலைதூக்க, திரும்பிப் பார்த்தார். பொத்தான் தைக்க அவள் மெஷினைவிட்டு இறங்குகிறாள். நூல் பிசிறு வெட்ட இறங்குகிறாள். சட்டை மடிக்க இறங்குகிறாள். சட்டைகள் அவள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

அவர் எழுந்து வந்தார். "எனக்கு ஏதாவது வேலை குடு. நெசமான வேலை."

அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கட்டுச் சட்டையையும் பொத்தான் டப்பாவையும் அவர் பக்கம் தள்ளினாள். ஆயில்கேன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தைக்க உட்கார்ந்தார். ஆனால் பிறவிக் குணம் எங்கே போகும்? இதுவும் கிலுகிலுப்பையாக இருந்தால்? ஒரு சட்டையில் மட்டும், வேண்டுமென்றே, ஒரு பொத்தானைக் கோணலாகத் தைத்து நடுவில் செருகிவைத்தார். பேசாமல் எடுத்து அவளே சரிசெய்துகொண்டால் எல்லாம் நாடகம். அப்படித்தான் என்றால் இனி நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே போவதில்லை என்று முடிவுகட்டிவிட்டார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து சட்டைக் கட்டை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாள். ஆயில்கேன் சுவரைப் பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். அந்தச் சட்டை வந்தது. அவள் நின்றாள். சட்டை அவர் மடியில் வந்து விழுந்தது.

"என்னங்க இது, பொத்தான் எங்கயோ பார்த்துக்கிட்டு நிக்குது? இப்படிக் கொண்டுபோனா கடைக்காரன் என் மூஞ்சியில வீசுவான். பிரிச்சுட்டு மறுபடி தைங்க."

ஆயில்கேன் சட்டையை ஆசையாக மடியில் விரித்துக்கொண்டார். ஃபேக்டரி சூப்பர்வைசர்கூட இவ்வளவு இனிமையாகத் திட்டியதில்லை. கத்தரியைத் தேடும்போதே இன்னொரு சட்டை வந்து விழுந்தது. "இதுவும்." பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

அவர் கெடுத்தது ஒன்றுதான். திரும்பி வந்தது நான்கு.

"நாலுமா கோணல்?" என்றார், நிஜமாகவே ரோஷத்தோடு.

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க. இந்த வாரமே கண் டாக்டர்கிட்ட போறோம்."

துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். நாலுமே கோணல்தான். யார்மேலும் பழிபோட வழியில்லை.

"எப்போ வேணும்?"

"இன்னைக்கே."

அவர் நாற்காலியை ஜன்னலிலிருந்து இழுத்துவந்து மெஷின் பக்கத்தில் போட்டுக்கொண்டு, முதல் பொத்தானைப் பிரிக்க ஆரம்பித்தார்.