சாத்தாங்காட்டில் தொள்ளாயிரத்து நாற்பது காலடி

பார்வையில்லாதவர்களுக்கான அதிரும் கைத்தடியை வாங்கிவிட்டு, அதை நம்பிக் கிளம்பலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் படித்தது எட்டாவதுவரைதான். ஆனாலும் மிஷின் விஷயத்தில் என்னிடம் சந்தேகம் கேட்காத இன்ஜினியர் ராயபுரத்தில் கிடையாது.

என் தங்கச்சி புருஷன் காசிக்கு சர்க்கரையில் இரண்டு கண்ணும் போய் இரண்டு வருடம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டின் கம்பி விலையெல்லாம் அவனுக்கு மனப்பாடம். போன மாதம் அவனுடைய பழைய முதலாளியைப் பார்த்து, போனில் ஆர்டர் பிடிக்கிற வேலை கேட்டேன். தயங்கினார். "இந்தத் தடி கீதுல்ல, டெல்லிக்கே தனியா பூடுவான் மொதலாளி" என்று அடித்துவிட்டேன்.

"டெல்லி வேணாம்பா. திங்கக்கெழம கடைக்குத் தனியா வரட்டும். வேலை அவனுக்குத்தான்" என்றார்.

தடி ஆறாயிரம் ரூபாய். எதிரே இடுப்பு உயரம்வரை எது வந்தாலும் கைப்பிடி அதிரும். பட்டனை அழுத்தினால் எத்தனை காலடி நடந்தோம் என்று தமிழில் சொல்லும். மடக்கினால் எண்ணுவது நின்றுவிடும், மறுபடி விரித்தால் ஒன்றிலிருந்து எண்ணும். ஞாயிற்றுக்கிழமையே கூட்டிப்போய்ப் பழக்கினேன். மார்க்கெட் முனையிலிருந்து கடைவாசல்வரை அறுநூற்றைம்பது மீட்டர், தொள்ளாயிரத்து நாற்பது காலடி. "அதிரலேன்னா தைரியமா போ மாப்ள" என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்றாம் தடவை அவன் போன வேகத்துக்கு ஒலிம்பிக்கில் மெடலே கொடுக்கலாம்.

திங்கள் காலை 8.10க்கு பஸ், டிக்கெட் 15 ரூபாய். திருவொற்றியூரில் இறங்கி ஷேர் ஆட்டோ, ஆளுக்கு 20. மணி 9.05க்கு முனையில் இறங்கினோம். முந்தின நாள் காலியாகக் கிடந்த ரோட்டோரம் முழுக்க டிரெய்லர் லாரிகள். ஞாயிறு மார்க்கெட் லீவு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தோன்றவில்லை.

தனியாக வரவேண்டும் என்பது பேச்சு, அதனால் தடியை விரித்துக் கையில் கொடுத்துவிட்டு நான் முனையிலேயே நின்றேன். தடி நிற்காமல் அதிர்ந்தது. "இன்னா மச்சான், ஜொரம் வந்தாப்புல நடுங்குது!" என்று சிரித்துக்கொண்டே லாரி ஓரமாகத் தடவிப் போனான்.

ஒரு லாரியின் பின்பக்கம் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன, முக உயரத்தில். தடி அவற்றின் அடியில் நுழைந்தது. அங்கே ஒன்றுமில்லை, அதிர்வு நின்றது. வழி கிடைத்துவிட்டது என்று காசி எட்டி நடந்தான். நான் கத்துவதற்குள் நெற்றி கிழிந்துவிட்டது.

"யோவ், செவப்புத் துணி கட்டிகீதே, கண்ணு தெரில?" என்று இறங்கிய டிரைவர், தடியைப் பார்த்ததும் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து காயத்தைக் கழுவிவிட்டார்.

தடியை மடக்கிவிட்டு, கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போனேன். முதலாளி ரத்தத்தைப் பார்த்தார். "வேணாம்பா காசி. உனக்கு எதுனா ஆச்சுனா உன் பொஞ்சாதிக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

திரும்பும் பஸ்ஸில் காசி கேட்டான்: "தனியா எவ்ளோ தூரம் வந்தேன் மச்சான்?"

"முக்கால்வாசி வந்துட்ட மாப்ள. இன்னும் நாலு எட்டுதான்."

அவன் பட்டனை அழுத்தினான். "நூற்றுப் பதினெட்டு" என்றது தடி, பஸ் முழுக்கக் கேட்கும்படி.

அதற்குப் பிறகு அவன் வாசல் தாண்டவில்லை. நீங்கள் பழக்குவதாக இருந்தால் வேலைநாளில், லாரிகள் நிற்கும்போது பழக்குங்கள். தலைக்கு ஹெல்மெட் போட்டு அனுப்புங்கள். அதிரவில்லை என்றால் தைரியமாகப் போ என்று மட்டும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.