இன்னொருவர் பார்க்க வேண்டிய முடிச்சு

மூக்குக்கண்ணாடிக் கடையில் பிரேம்களுக்குத் திருகாணி பூட்டுகிறவர் அவர். வயது ஐம்பத்திரண்டு, தனிக்கட்டை. எந்த வாடிக்கையாளருக்கு எந்தக் காதில் கண்ணாடி அழுத்தும் என்பது அவருக்கு அத்துப்படி. அவர் பெயர் அவர்களில் யாருக்கும் தெரியாது. திங்கள் முதல் சனி வரை அவர் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இப்ப சரியா இருக்கா?"

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் கல்குவாரியின் செங்குத்தான பாறையில் அவரும் ஒரு பிரெட் வேன் டிரைவரும் ஏறுவார்கள். பதினொரு வருஷப் பழக்கம். ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே நின்று கயிறு பிடிப்பார். ஏறுகிறவர் இடுப்பு வாரில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டதும், பிடிக்கிறவர் அதை இழுத்துப் பார்ப்பார். தன் முடிச்சைத் தானே பார்த்துக்கொண்டால் சேர்த்தி இல்லை.

"பாக்கவாண்ணே?"

"பாரு."

"ம். ஏறுங்க."

வாரத்தில் இன்னொரு மனிதரின் கை அவர்மேல் படுவது அப்போதுதான்.

மூன்று மாதமாக வலது கட்டைவிரல் மரத்துப்போகிறது. முதலில் பாறையை விட்டு இறங்கியதும் மட்டும். உதறினால் உணர்ச்சி திரும்பிவிடும். பிறகு பல் தேய்க்கும்போதும். திருகாணி விரலிடுக்கில் இருக்கிறதா என்பதை, மேஜையில் அது விழும் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். டிரைவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் கயிற்றைச் சுருட்டிவிடுவார். கயிறு போனால் ஞாயிறும் போயிற்று.

முடிச்சைக் குனிந்து பார்க்காமல் போடுவதில் அவருக்கு ஒரு வீம்பு. கண் பாறையில் வழி தேடும். விரல் தன்பாட்டுக்குக் கட்டும். அன்றும் அப்படித்தான்.

"இன்னும் எவ்வளவு நேரம்ணே முறைப்பீங்க? பாறை பயந்து எந்திரிச்சுப் போயிடாது."

"உன் வேன் மாதிரிதான் அதுவும். தள்ளினாத்தான் நகரும்."

டிரைவர் சிரித்தபடியே முடிச்சை இழுத்தார். கயிறு கையோடு வந்துவிட்டது. திரும்பக் கோக்க வேண்டிய நுனி பாதியிலேயே நின்றிருந்தது.

சிரிப்பு அடங்கியது. டிரைவர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "அந்தப் பக்கம் திரும்புங்க. கட்டைவிரலை அழுத்தறேன், தெரியுதா?"

"தெரியுதே."

"நான் இன்னும் தொடவே இல்லண்ணே."

அவர் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா இந்தக் கையிலதான என் கயிறும் இருந்துச்சு?"

தான் இழக்கப்போவதைப் பற்றியே மூன்று மாதமும் யோசித்தவருக்கு, இது ஒருநாளும் தோன்றியதில்லை. டிரைவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டார். "டாக்டரைப் பாருங்க. சரியானதும் கூப்பிடுங்க." வேன் முதல் முயற்சியிலேயே கிளம்பியது.

மணிக்கட்டில் நரம்பு நெரிபடுகிறது என்றார் டாக்டர். ஆறு வாரம் கையில் பட்டை போட வேண்டும், அதற்குப் பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், அறையில் அவர் இடுப்பு வாரை மாட்டிக்கொண்டார். பழைய கயிற்றுத் துண்டு ஒன்று இருந்தது. இந்த முறை குனிந்து, ஒவ்வொரு வளைவையும் கண்ணால் பார்த்துக் கோத்தார். கச்சிதமாக வந்தது. இழுத்துப் பார்க்கக் கை போயிற்று, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவிழ்க்கவும் மனம் வரவில்லை. முடிச்சோடே எழுந்து, அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனார். கயிற்றின் மறுமுனை தரையில் இழுபட்டுப் பின்னாலேயே வந்தது.