மாடி அறையும் லயத்துக் காம்பராவும்

"ஹட்டன், 1962 ஜூன். மாமாவும் அத்தையும் தங்கிய ஹோட்டல் அறையின் சாவி. அத்தையின் டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்தது." ஒரு பித்தளைச் சாவியில் நூலால் கட்டிய அட்டைத்துண்டில் இப்படி என் கையெழுத்தில் இருக்கிறது. சாவியோடு சங்கிலியில் தொங்கும் மரக்கட்டை உள்ளங்கை நீளம். யாரும் மறதியாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் அதை அவ்வளவு பெரிதாகச் செய்திருப்பார்கள். பழைய பொருள்களுக்கெல்லாம் ஊரும் ஆண்டும் எழுதிக் கட்டிவைப்பது என் பழக்கம். இந்த அட்டையில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். அதை எப்படி எழுதுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

என் தாய்மாமா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்த் தையல் மெஷின் விற்றவர். வீடு நோட்டன் பிரிட்ஜ் பக்கம் என்றாலும் மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். தலவாக்கலையில் எந்த ஹோட்டலில் குளிக்கச் சுடுதண்ணி கிடைக்கும், நுவரெலியாவில் எங்கே இரண்டாவது கம்பளி கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார்கள், எந்தக் கட்டிலில் மூட்டைப்பூச்சி அதிகம் என்றெல்லாம் அவருக்கு மனப்பாடம். கீழே சாப்பாட்டுக் கடை, மேலே பலகைத் தடுப்பு வைத்த அறைகள். அந்தக் காலத்து ஹோட்டல்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. பக்கத்து அறைக்காரர் இருமினால் நம் தூக்கம் கலையும். சாம்பார் கொதிக்கும் வாசம் படியேறி வந்து தலையணையில் தங்கும். இத்தனை குறைகளையும் ஒப்புக்கொண்டுவிட்டு மாமா சொல்வார்: "ஹோட்டல்ல ஒரு சொகம் இருக்கு மாப்ள. எப்ப வந்தே, ஏன் வந்தே, எப்ப போவேன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்."

அத்தை அடுப்படியில் இருந்தபடியே பதில் சொல்வார். "கேக்க நாதியில்லாத எடத்துல போய்ப் படுத்துட்டு, அதுக்குக் காசும் குடுத்துட்டு வர்றாரு ஒங்க மாமா."

அத்தைக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. ஒரு பை நிறைய முறுக்கோடு போய், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், காம்பரா என்கிற ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்து, பேச்சு ஓயாமல் பொழுது விடிந்து, சேலையெல்லாம் விறகுப் புகை மணக்கத் திரும்பி வருவார். வந்த பிறகு இரண்டு நாளைக்கு அந்த வீட்டுக் கதைதான். மாமாவின் பயணங்களில் இருந்து ஒரு கதையும் வீடு வந்து சேர்ந்ததில்லை. இதை அத்தை அடிக்கடி சொல்லிக் காட்டுவார்.

அந்த ஜூன் மாதத்தில் அத்தைக்கு வயிற்றில் கட்டி என்று டிக்கோயா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அத்தையின் தங்கை வாழ்க்கைப்பட்ட தோட்டம் ஆஸ்பத்திரியில் இருந்து நடந்து போகிற தூரம்தான். மாமா அங்கே தங்குவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ ஹட்டன் கடைவீதியில், தான் வழக்கமாகத் தங்கும் ஹோட்டலின் மாடி அறையை எடுத்தார். மனைவியிடமும் கொழுந்தியாளிடமும் என்னுடைய அறையில் தங்கியிருப்பதாகச் சொல்லிவிட்டார். நான் அப்போது ஹட்டனில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோக்கிறவன். அச்சகத்துக்குப் பின்னால் நாலு பேர் ஒரே அறையில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடு இருந்தோம். ஐந்தாவது ஆள் காலை நீட்ட இடம் கிடையாது.

காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். அந்தத் தோட்டத்தில் வெளியாள் ஒருவர் லயத்தில் ராத்தங்கினால் கங்காணியிடம் சொல்ல வேண்டும். இரண்டு இரவுக்கு மேல் என்றால் வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் நின்று தோட்ட மேலாளரான தொரையிடம் அனுமதி கேட்க வேண்டும். மாமாவின் சகலை அந்த ஆண்டுதான் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராகியிருந்தார். தொரைக்கு அவர்மேல் ஏற்கெனவே ஒரு கண். "அந்த மனுசன் யாருக்காகவும் ஆபீஸ் வாசல்ல கைகட்டி நின்னதில்ல. எனக்காக நிக்கணுமா? நின்னாலும் தொரை சும்மா விடுவானா?" என்றார் மாமா. சகலையின் மானத்தைக் காப்பாற்றும் காரணத்தைச் சகலையின் மனைவியிடம் எப்படிச் சொல்வது? அதனால் பொய்.

அந்தப் பொய் அதிக நாள் தாங்கவில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் மாலை பார்வையாளர் நேரத்தில் கட்டிலின் ஒரு பக்கம் மாமாவும் நானும், மறுபக்கம் தங்கையும் நின்றிருந்தோம். அத்தை எங்கள் இருவரையும் அருகில் கூப்பிட்டார். ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று குனிந்தோம்.

"மாப்ள சட்டையில மண்ணெண்ண வாசம் வருது. ஒங்க சட்டையில சவுக்கார வாசம் வருது, மடிப்புக்கூட கலையல. ரெண்டு பேரும் ஒரே ரூம்லதான் படுக்கிறீங்களா?"

தங்கை மாமாவையே பார்த்தார். "எங்க காம்பரா ஒங்களுக்கு ஆகல, அதான அத்தான்?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மாமா சொல்லவில்லை. அத்தையின் முகம் வாடிவிட்டது. நாளைக்குக் கண் விழிக்கும்போது தங்கச்சி பக்கத்தில் இருப்பாளா என்று என்னைக் கேட்டார்.

மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தை கண் விழித்ததும் தங்கையைத்தான் தேடினார். தங்கை வரவில்லை. மாமாவும் நானும் ஹட்டனுக்குத் திரும்பினோம். ஹோட்டல் மாடியேறி ஈரக்குடையை விரித்து வைத்திருப்போம், கீழே ஏதோ வாக்குவாதம் கேட்டது. இறங்கிப் பார்த்தால், கல்லாப்பெட்டிக்கு எதிரே சாப்பாட்டுக் கேரியரோடு தங்கை நின்றிருந்தார். வெளிச் சாப்பாட்டை மாடிக்குக் கொண்டுபோக விடுவதில்லை என்று முதலாளி தன்மையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். தன்னை ஆபீஸ் வாசலில் நிற்க வைக்கக் கூடாது என்றுதான் மாமா வரவில்லை என்று புருஷன் ஊகித்துச் சொல்லிவிட்டதாகத் தங்கை மாமாவிடம் சொன்னார். கொழுந்து பறித்த கையோடு சமைத்து எடுத்துக்கொண்டு மழையில் நடந்து வந்திருக்கிறார்.

"எங்க வூட்டுக்கு நீங்க வர்றதுக்குத் தொரையக் கேக்கணும். ஒங்க ரூமுக்கு நான் வர்றதுக்கு மொதலாளியக் கேக்கணும். அப்ப நாம எங்கதான் அத்தான் ஒக்காந்து சோறு திங்கிறது?"

கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து, சமையற்கட்டை ஒட்டியிருந்த மேசையைத் தானே துடைத்தார். அங்கே உட்கார்ந்து நெத்திலிக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். முதலாளி தன் பங்குக்கு ரசம் கொண்டுவந்து வைத்தார். தங்கை அதை ருசி பார்த்துவிட்டு உப்புக் குறைவு என்றார். மறுநாள் காலையிலேயே அவர் அக்காவின் கட்டிலருகே இருந்தார்.

அத்தையை ஆஸ்பத்திரியில் இருந்து விட்டபோது, நோட்டன் பிரிட்ஜ் பாதையில் பஸ் குலுங்கும், சில நாள் பொறுத்துப் போங்கள் என்றார் டாக்டர். தங்கை தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். சகலையும் வந்து, தான் ஆபீஸில் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். அத்தை அவரை ஒரு நிமிடம் பார்த்தார். "வேணாங்க. நீங்க கேக்க வேணாம். நான் இவரு ஹோட்டலத்தான் பாக்கப் போறேன். இத்தன வருசமாப் பெரும பேசுறாரே" என்று சிரித்தார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிக்குப் படி நின்று மாடியேறினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தை ஹோட்டலில் தங்கினார்.

கதவை உள்ளிருந்து பூட்ட முடிகிறது என்பது அவருக்குப் பெரிய ஆச்சரியம். இரண்டு மூன்று தடவை பூட்டித் திறந்து பார்த்தாராம். ஏழெட்டுப் பேர் படுக்கும் லயத்தில் ஒரு பெண்ணுக்கு எந்த வயதிலும் தனியாகக் கதவடைக்க வாய்த்ததில்லை. பகலில் படுத்தாலும் யாரும் என்னவென்று கேட்கவில்லை. "இங்க ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டேங்குறாங்க. நல்லாத்தான் இருக்கு" என்றார் முதல் நாள். மறுநாள் அவருக்கு அது தாங்கவில்லை. அறைக் கதவைத் திறந்து வைத்து, நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களையெல்லாம் எந்த ஊர், என்ன காரியமாக வந்தீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். லயத்து வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அமர்ந்து பேசுவதுபோலவே இருந்தது. தங்கை கொண்டுவரும் கஞ்சி பின்வாசல் வழியாக வந்து, ஹோட்டல் அடுப்பில் சூடாகி, மேலே போனது. முதலாளி பார்க்காததுபோல் இருந்தார். மாமா என்னிடம் வியந்து சொன்னார்: "பத்து வருசமா இங்க தங்குறேன் மாப்ள. அடுத்த ரூம் ஏலக்கா யாவாரி பேரு இன்னக்கித்தான் எனக்குத் தெரியும்."

இப்போது நானும் ஹோட்டல்களில்தான் தங்குகிறேன். பிள்ளைகள் ஏற்பாடு செய்து கொடுத்துவிடுகிறார்கள். சாவிக்குப் பதிலாக ஒரு அட்டை. சுடுதண்ணி குழாயில் வருகிறது, அடுத்த அறை இருமல் கேட்பதில்லை. யாருக்கும் பாரமாக இல்லாமல் படுத்து எழுவது முதுமையில் பெரிய நிம்மதி என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலையில் அறையை விட்டுக் கிளம்பும்போது, போய்வருகிறேன் என்று சொல்ல ஆள் தேடி ஒரு கணம் நிற்கிறேன்.

அறையைக் காலி செய்த அன்று சாவியைத் தன் கையால் முதலாளியிடம் கொடுத்ததாக மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காலமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு அத்தையும் போனார். பெட்டியைத் திறந்தபோது கூறைச்சேலையின் மடிப்புக்குள் இந்தச் சாவி இருந்தது. முதலாளியே திரும்ப அத்தையிடம் கொடுத்தாரா, மாமாவுக்குத்தான் நினைவு தவறியதா, அல்லது அத்தை எடுத்து வந்தாரா? விசாரிக்க ஆளில்லை. ஹோட்டல் இருந்த இடத்தில் இப்போது வேறு கட்டடம். அட்டையில் விட்டிருந்த இடத்தில் இன்று இவ்வளவுதான் எழுத முடிந்தது: "அத்தை கைக்கு எப்படி வந்தது என்பது உறுதியாகவில்லை. மரக்கட்டை சட்டைப்பையில் நுழையாது."