சிப்பாய்க்குக் கீழ யாரு பேரு?

விரல் உசரத்துக்கு ஒரு பழைய காலத்து சிப்பாய் பொம்மை பண்ணணும்னா ரெண்டு ஆளு வேணும்: ஒருத்தன் புட்டி மாவைப் பிசைஞ்சு உடம்பு பண்ணுவான், இன்னொருத்தன் கலர் அடிச்சு அதுக்கு உசுரு குடுப்பான். நான் உசுரு குடுக்கற ஆளு. பிள்ளையார்பாளையம் மணி. உடம்பு பண்றவன் ஐயம்பேட்டை தேவராஜு. இதையே நீங்க அவன்கிட்ட கேட்டா, "நான் சிப்பாயை முழுசா முடிச்சிடுவேன், அப்புறம் மணி அண்ணன் வந்து மேல கொஞ்சம் பெயிண்ட் கொட்டுவாரு"ன்னு சொல்லுவான். மூக்கால பேசுவான். எழுத்துல மூக்கு வராது. நீங்களே மூக்கைப் புடிச்சிக்கினு இன்னொரு தபா படிச்சிக்கோங்க.

கூட்டுத் தொழில் பண்ணவங்க, நீங்க செஞ்ச வேலைக்குப் பக்கத்து சீட்டுக்காரன் சபாஷ் வாங்கினதைப் பார்த்துக்கினு நின்னவங்க, எல்லாரும் கிட்ட வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

அக்குள் தாயத்து

தேவாவுக்கு ஒரு வியாதி இருக்குது. பிரஷ் போகாத எடமாப் பார்த்துத்தான் வேலைப்பாடு வெப்பான். ஒருவாட்டி கேடயத்தை மாரோட அணைச்சிக்கினு நிக்கிற சிப்பாய் ஒண்ணைக் குடுத்தான். கேடயத்துக்கும் மாருக்கும் நடுவுல ஒரு முடி நுழையற சந்து. டார்ச் அடிச்சுப் பார்க்கறேன், உள்ள அக்குள்ல ஒரு தாயத்து. தாயத்துக்குக் கயிறு. கயித்துக்கு முடிச்சு!

பிரஷ்ஷை வளைச்சு, மூச்சை அடக்கி, பல் டாக்டர் மாதிரி கழுத்தைக் கோணிக்கினு அந்தத் தாயத்துக்கு வெள்ளி அடிச்சேன். அடிச்சு முடிச்ச கையோட போன் போட்டேன். "ஏன்டா தேவா, இதை எவன்டா பார்க்கப் போறான்?"

"நீ பார்த்தியா இல்லியாண்ணே? அப்ப ஒருத்தன் பார்த்துட்டான்ல."

மிஷின் கை

வாலாஜாபாத்ல ரைஸ் மில் வெச்சிருக்கறவரோட பையன். இஞ்சினீரு. நாங்க பண்ண வெள்ளைக்காரக் கும்பினி துரை பொம்மையைக் கையில வெச்சு உருட்டி உருட்டிப் பார்த்தான். "த்ரீ டி பிரிண்டா அங்கிள்?"ன்னான். இல்லப்பா, கையால பண்ணதுன்னோம். வீட்டுல வாஷிங் மிஷினை வெச்சிக்கினு ஆத்துல துணி துவைக்கறவங்களைப் பார்க்கற மாதிரி எங்க ரெண்டு பேரையும் பார்த்தான். எனக்கும் தேவாவுக்கும் ஒரே நேரத்துல கோவம் வந்தது அன்னிக்கு ஒருவாட்டிதான். அந்த ஒத்துமையும் ரொம்ப நேரம் நிக்கல. பையன் அடுத்து ஒண்ணு கேட்டான், தேவா மூஞ்சியில பல்லு தெரிஞ்சுது.

"சரி, உடம்பு கையால பண்ணீங்க. கலர் அடிக்கறது மிஷின்தானே?"

ஒத்தப் பேரு

காந்தி ரோட்டுல பட்டுக் கடை வெச்சிருக்கற சபாபதி அண்ணன் கூப்பிட்டு அனுப்பினாரு. கடையில புதுசா ஒரு மாடி எடுத்திருக்காரு. ஐதர் அலி படையும் கும்பினிப் படையும் நம்ம ஊருக்குப் பக்கத்துல புள்ளலூர்ல மோதிக்கிச்சே, அந்தச் சண்டையை அப்படியே மேஜை மேல பண்ணிக் குடுங்கன்னாரு. சரித்திரத்து மேல இவ்ளோ ஆசையான்னு நான் வாயைப் பொளந்தேன். "பொம்பளைங்க முகூர்த்தப் புடவை பார்த்து முடிக்கிற வரைக்கும் ஆம்பளைங்க எதையாவது பார்த்துக்கினு இருக்கணும் இல்லபா?"ன்னாரு. வாயை மூடிக்கினேன்.

அப்புறம்தான் வந்தது விஷயம். மேஜைக்கு முன்னாடி பித்தளையில பேரு பொறிச்சு வெப்பாராம். இதைக் கொஞ்சம் புரிஞ்சிக்கோங்க. தேவா எல்லா சிப்பாய்க்கும் கால் அடியில தன் பேரோட மொத எழுத்தைக் கீறி வெச்சிடுவான். எனக்கு அதுவும் கெடையாது. என் வேலை மேலயே இருக்குது, பேரு எங்க எழுதறது, சிப்பாய் நெத்தியிலயா? எங்க வீட்டுக் கரண்ட்டு பில்லே மாமனார் பேருலதான் வருது. எங்கியாவது ஒரு எடத்துல என் பேரைப் பார்த்துட்டு கண்ணை மூடணும்னு எனக்கு ஆசை. ரெண்டு பேரையும் போட்டுடுங்கண்ணேன்னேன்.

"ரெண்டு பேரைப் போட்டா கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆயிடும்பா. ஒத்தப் பேருதான். யாருதுன்னு நீங்களே பேசிக்கினு வந்து சொல்லுங்க."

செத்தவன் தலப்பா

பேசிக்கினோம். அதாவது, பேசறதை நிறுத்திக்கினோம். தேவா பொம்மையைப் பையில போட்டு ஷேர் ஆட்டோவுல குடுத்து அனுப்புவான், நான் கலர் அடிச்சு வெப்பேன். படை வளர்ந்துக்கினே இருந்தது, பேச்சு மட்டும் இல்ல.

பாதி வேலையில சபாபதி அண்ணன் பார்க்க வந்தாரு. நம்ம ஊர்ல எவனும் சிப்பாயைப் பார்க்க மாட்டான், சிப்பாய் கட்டியிருக்கற துணியைத்தான் பார்ப்பான். இவரு நேரா குனிஞ்சு, கீழ விழுந்து கெடக்கறவன் தலப்பாவைப் பார்த்தாரு. "பார்டர் எங்கபா?"ன்னாரு. அவன் சாதாரண காலாள்ண்ணே, அவனுக்கு ஏது சரிகைன்னேன். துணி ஒடம்பு அரக்கு, கரை பச்சை, ரெண்டும் சேர்ற எடத்துல பட்டுப் புடவைக் கோர்வை மாதிரி பல்லு பல்லா கோக்கணும், கலர் கலக்கக் கூடாதுன்னாரு. வேர்க்கடலை சைஸு தலையில கோர்வைக் கரை! போட்டேன். தேவா மடிப்பு மடிப்பா வெச்சிருந்தான், மடிப்புக்குள்ள எல்லாம் கரை ஓட்டினேன். அண்ணன் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சு, மறுபடியும் மாட்டிக்கினு பார்த்தாரு.

"இப்ப சரி. செத்தவன் தலையில இருக்கறது கூட நம்ம கடை சரக்குன்னு தெரியணும்பா."

சோத்துக்கை

திறப்பு விழாவுக்கு மொத நாளு. எல்லாத்தையும் மேஜை மேல ஒட்டி முடிச்சாச்சு. தேவாவோட சம்சாரம் பார்க்க வந்தாங்க. ரெண்டு படையையும் ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, அந்தப் பொண்ணு தன்னோட ரெண்டு கையையும் ஒருவாட்டி பார்த்துக்கிச்சு. நானும் பார்த்தேன். அப்புறம் மறுபடியும் படையைப் பார்த்தேன். ஐதர் ஆளு, கும்பினி ஆளு, குதிரை மேல இருக்கறவன், ஓடறவன், விழறவன், அத்தினி பேரும் கத்தியைப் பீச்சாங்கையில புடிச்சிக்கினு இருக்கான்!

என்ன ஆச்சு தெரியுமா? தேவா பீரோ கண்ணாடிக்கு முன்னாடி நின்னு, கரண்டியை ஓங்கிக்கினு, கண்ணாடியில என்ன தெரியுதோ அதை அப்படியே பண்ணியிருக்கான். அத்தினியும் என் கை வழியாத்தானே வந்துச்சு, நீ ஏன் பார்க்கலன்னு கேப்பீங்க. நான் பொறவியிலயே பீச்சாங்கைக்காரன். எனக்கு அவங்க எல்லாரும் லட்சணமாத்தான் தெரிஞ்சாங்க. வெட்டி மாத்தி ஒட்ட நேரம் ஏது? நாங்க ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்க்கறோம், அந்தப் பொண்ணு மெதுவா கேட்டுச்சு:

"ஏங்க, உங்க சண்டையில சோத்துக்கையால அடிக்கறவன் ஒருத்தன் கூட இல்லியா?"

பெரிய மனசு

அந்த நிமிஷத்துல இருந்து எங்களுக்குள்ள வந்த பாசம் இருக்குதே! "மணி அண்ணே, நீ பெரியவரு, உன் பேரே இருக்கட்டும்"ன்னான். "சேச்சே, உடம்பு பண்ணவன் நீ, உன் பேரைத் தவிர வேற பேரு வரக்கூடாது தேவா"ன்னேன். "நீ இல்லன்னா இது வெறும் புட்டிண்ணே." "நீ இல்லன்னா நான் எதுல அடிப்பேன், சுவத்துலயா?" ரெண்டு பேரும் கட்டிப் புடிச்சிக்கினோம். கட்டிப் புடிச்சிக்கினே ரெண்டு பேரும் ஒரே கணக்குத்தான் போட்டோம்: நாளைக்கு ஊரு சிரிக்கும்போது கீழ எவன் பேரு இருக்கணும்?

நான் முந்திக்கினேன். வீட்டுக்கு வந்து, மூக்கைக் கொஞ்சம் அடைச்சிக்கினு சபாபதி அண்ணனுக்குப் போன் போட்டேன். "அண்ணே, தேவா பேசறேண்ணே. என் பேரையே போட்டுடுங்கண்ணே." அவரு துளி சந்தேகப்படல. "அந்த மணி சண்டைக்கு வர மாட்டாரே?"ன்னு மட்டும் கேட்டாரு. "மணி அண்ணனுக்குப் பெரிய மனசுண்ணே"ன்னேன், தேவா மூக்காலயே.

"அப்படியா? பார்த்தா தெரியலியேபா."

கைடு சொன்ன சரித்திரம்

திறப்பு விழா. நான் ஒரு தூணுக்குப் பின்னாடி நின்னுக்கினேன். கோயிலுக்கு வந்த வெளியூர்க் கூட்டம் ஒண்ணை ஒரு கைடு மாடிக்குக் கூட்டிக்கினு வந்தாரு. கமிஷன் கடை, வந்துதான் ஆகணும். கூட்டத்துல ஒருத்தர் பட்டுன்னு கேட்டுட்டாரு, "ஏன் சார் எல்லாரும் இடது கை?"ன்னு. எனக்குத் தூண் சின்னதாத் தெரிஞ்சுது.

கைடு ஒரு செகண்டு கூட தடுமாறல. தொண்டையைக் கனைச்சாரு. "நல்ல கேள்வி! எதிராளி கேடயம் புடிக்காத பக்கமா வெட்டறதுக்குன்னே, இடது கையில பழக்கின தனிப் படை இது!" கூட்டம் "ஆ"ன்னுச்சு. சபாபதி அண்ணன் பூரிச்சுப் போயி, "எங்க தேவராஜு என்னமா படிச்சிருக்கான் பாருங்கபா!"ன்னாரு. எனக்கு எங்க எரிஞ்சுதுன்னு உங்களுக்குச் சொல்ல வேணாம். அந்தக் கேள்வி கேட்டவரு விடல. "அப்ப எதிர்ப் படையும் ஏன் சார் இடது கையில புடிச்சிருக்குது?"

"இவங்க பழகறதைப் பார்த்துட்டு அவங்களும் பழகிட்டாங்க சார்."

பொட்டி

தூசி விழும்னு மறுநாளே சபாபதி அண்ணன் அதுக்கு ஒரு கண்ணாடிப் பொட்டி போட்டுட்டாரு. தன் பேருதான் போட்டிருக்குதுன்னு கேள்விப்பட்டு தேவா இஸ்திரி போட்ட சட்டையில, சம்சாரத்தையும் கூட்டிக்கினு பேரு பார்க்க வந்தான். நானும் போனேன், பார்த்து வெந்து சாகலாம்னு. பேரு இல்ல. பொட்டிக்கு அடியில கனமா ஒரு தேக்குச் சட்டம், அது பித்தளையை முழுசா மூடிக்கிச்சு. தேவா குனிஞ்சான், முட்டி போட்டான், தரையில கன்னத்தை வெச்சு சந்துல பார்த்தான். "உள்ள இருக்குதுண்ணே. டார்ச் அடிச்சா தெரியுது"ன்னான். "நீ பார்த்தியா இல்லியா? அப்ப ஒருத்தன் பார்த்துட்டான்ல"ன்னேன், அவன் மூக்கை அவனுக்கே திருப்பிக் குடுத்து. அவன் சம்சாரம்தான் மொதல்ல சிரிச்சுது.

அப்ப ஒரு அம்மா, கட்டைப் பையைக் கீழ வெச்சிட்டு எங்களுக்குப் பக்கத்துல வந்து நின்னாங்க. சண்டையைப் பார்க்கல. கண்ணாடிக்கு நட்ட நடுவுல சிவப்பும் மஞ்சளுமா கண்ணாடிக் கடைக்காரன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தாங்க. திரும்பி வீட்டுக்காரரைக் கூப்பிட்டாங்க.

"ஏங்க, நம்ம சாமி ரூமுக்கு இந்த மாதிரி ஒரு பொட்டி சொல்லலாமா? பேரு, போன் நம்பர் எல்லாம் தெளிவா போட்டிருக்கான் பாருங்க."

அதனால பேரு வாங்கணும்னு ஆசைப்படற பங்காளிங்களே, உடம்பும் பண்ணாதீங்க, உசுரும் குடுக்காதீங்க, மேல ஒரு பொட்டியைப் போட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டுப் போயிக்கினே இருங்க.