நாற்பத்தேழின் குட்டி

செம்மறிப் பண்ணையில் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்த அன்று, பால் மறந்த அன்று, ஆறாம் மாதம் என்று இருபத்தெட்டு வருடமாகக் குட்டிகளை எடை போட்டுப் பதிவேட்டில் எழுதியவர். ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம்.

அன்று ஆறாம் மாத எடை. ஐம்பத்திரண்டாம் எண் ஆட்டின் இரட்டைக் குட்டிகள் வந்தன. ஐம்பத்திரண்டு பாலில் மகராசி. அவள் குட்டிகள் மடியில் இருக்கும்வரை கொழுகொழுவென்று இருக்கும். பால் மறந்ததும் எடை ஏறாமல் நின்றுவிடும். எல்லாம் பால் கொடுத்த சதை, ரத்தத்தில் வந்ததல்ல. இந்த இரட்டையிலும் ஒன்று அப்படியே நின்றிருந்தது. மற்றொன்றான கிடாக்குட்டியோ பால் மறந்த பிறகு ஒன்பது கிலோ ஏறியிருந்தது.

மறுபடி எடை போட்டார். அதே ஒன்பது. இது ஐம்பத்திரண்டின் ரத்தம் இல்லை.

ஆறு மாதத்துக்கு முந்தைய அந்த விடியற்காலை நினைவுக்கு வந்தது. நாற்பத்தேழு ஈன்றுகொண்டிருந்தபோது அவர் டீ குடிக்கப் போனார். பத்தே நிமிஷம். திரும்பி வந்தால் நாற்பத்தேழு வெறும் தரையை மோந்து மோந்து கத்தியது. நிறைசினையாக இருந்த ஐம்பத்திரண்டு ஒரு குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. மத்தியானம் இன்னொன்று போட்டது. இரட்டை என்று எழுதினார். நாற்பத்தேழின் குட்டியை நாய் தூக்கியிருக்கும் என்று நினைத்து, 'இழப்பு' என்று எழுதினார். ஈனும் முன்பே அடுத்தவள் குட்டியைத் தனதாக்கிக்கொள்ளும் ஆடுகள் உண்டு என்பது அவருக்குத் தெரியாதா என்ன?

நாற்பத்தேழுக்கு அது இரண்டாவது இழப்பு. இரண்டு இழந்த ஆடு கறிக்குப் போகும். நாளை மத்தியானம் அதை ஏற்ற லாரி வருகிறது.

பண்ணை டாக்டரிடம் ஓடினார். "நாற்பத்தேழை நிறுத்தி வைக்கணும்மா. ஒரு சந்தேகம்."

"சந்தேகத்துக்கெல்லாம் நிறுத்த முடியாதுண்ணே. தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி குடுங்க, இப்பவே லிஸ்ட்லேர்ந்து எடுத்துடறேன்." அந்தப் பெண் சிரித்தாள். "தராசே தப்பு பண்ணுச்சுன்னா பண்ணையே சிரிக்கும்!"

பேனாவைத் திறந்தார். மறுபடி மூடினார். "காலையில எழுதித் தரேம்மா."

வீட்டில் மனைவியிடம் சொன்னார். "ஒரு வரிக்கு இவ்வளவு யோசனையா? என்கிட்ட தினம் ஒரு தப்பு பண்ற மனுஷன்தானே!" என்றாள். அவர் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "வாயில்லா ஜீவன். முதல் வேலையா எழுதிக் குடுத்துடுங்க."

காலையில் சட்டைப்பையில் கடிதத்தோடு போனார். கொட்டகை வாசலில் சாணிமேல் டயர்த் தடம் ஈரமாக இருந்தது.

"வெயிலுக்கு முந்தி ஏத்தணும்னு அஞ்சு மணிக்கே வந்துட்டாங்க தராசு," என்றான் காவல்காரன்.

பதிவேட்டை எடுத்துக் கிடாக்குட்டியின் வரியில் ஐம்பத்திரண்டை அடித்து நாற்பத்தேழு என்று எழுதினார். காரணம் என்ற கட்டத்தில், 'நான் டீ குடிக்கப் போயிருந்தேன்' என்று எழுதினார்.

டாக்டர் எட்டிப் பார்த்தாள். "இதெல்லாம் எதுக்குண்ணே இனிமே? ஆடுதான் போயிடுச்சே."

"குட்டி இருக்கேம்மா," என்றார்.