தார்பாய்க்குள் இருட்டு

தொண்ணூறுகளில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான் வேலை பார்த்த இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிக்கு ஒரு கிருமி ஆராய்ச்சிக்காரர் ஒரே ஒருமுறைதான் வந்தார். ஒல்லியான பெண்மணி. மூக்குக்கண்ணாடியில் உப்புக்கறை. பேசும்போது கைகளை விரித்து மூடிக்கொண்டே இருப்பார்.

குஞ்சுகளைக் கொல்லும் கிருமி ஒளிரும் என்பதால், பட்டப்பகலில் கறுப்புத் தார்பாய்க்குள் தலையை விட்டுத் தொட்டியைப் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர் வந்ததற்கு மறுநாள் குஞ்சு ஏற்ற லாரி வர இருந்தது.

“வெளிச்சமே இல்ல மேடம். தொட்டி சுத்தமாக் கீது” என்றேன்.

“கிருமி இருக்கு. கூட்டம்தான் சேரல” என்றார். “ஒவ்வொண்ணும் தண்ணில ஒரு ரசாயனத்தை விட்டுகிட்டே இருக்கும். கிருமிக்குள்ள ஒரு புரதம். அதுக்கு ரெண்டு பக்கம்.” இடது கையை விரித்தார். “கூட்டம் பெருத்தா ரசாயனமும் பெருகும். இந்தப் பக்கம் அதைப் பிடிக்கும்.” வலது கையை இறுக்கினார். “உடனே இந்தப் பக்கம் மரபணுவைப் பிடிச்சு வெளிச்சத்தைப் போட வைக்கும்.”

“கூட்டம் சேந்துச்சான்னு எண்றது யாரு மேடம்?”

“யாரும் எண்ணல.”

அவ்வளவுதான், போய்விட்டார். லாரி வருமுன்பே தொட்டி ஒளிர்ந்தது.

வெளிச்சம் தெரிந்தால் இப்போது எனக்குக் குழப்பமில்லை. தார்பாய்க்குள் இருட்டாக இருந்தால்தான் தலையை வெளியே எடுக்க முடிவதில்லை: கிருமி ஒன்றுமே இல்லையா, கூட்டம் இன்னும் போதவில்லையா?